திரையில் பறந்தது எந்த விமானம்? பழைய போர்ப் படங்களில் இனங்காணும் முறை

பழைய போர்ப் படம் ஒன்றில் வரும் விமானத்தை இனங்காண முயலும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுகின்றன. கதைப்படி அது எந்த விமானம்? படப்பிடிப்பில் உண்மையாகப் பறந்தது எந்த விமானம்? இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும் படங்கள் குறைவு. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான போர் விமானங்கள் உடைத்து உருக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு படமெடுக்க வருபவருக்கு, பறக்கும் நிலையில் எது கிடைக்கிறதோ அதுவே கதைக்குள் நுழைகிறது. ஆகவே திரையில் தெரியும் விமானம், கதை நடந்த ஆண்டைவிடப் படம் எடுத்த ஆண்டுக்கே நம்பகமான சாட்சி. பழைய படங்களில் விமானங்களை இனங்காணும் முயற்சி முழுவதும் இந்த அடிப்படையின் மேல்தான் நிற்கிறது.

பர்மாவைக் காட்டிய இரண்டு படங்கள்

இந்தியாவின் தென்முனையில் வாழ்ந்தவர்களுக்கு இரண்டாம் உலகப் போர் பர்மா வழியாகவும் இலங்கை வழியாகவும் வந்து சேர்ந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அந்த அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கடும் தட்டுப்பாடு உண்டாயிற்று. சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமாகிய நாஞ்சில் நாட்டின் மேல் சுமை ஏறியது. அதே ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி, இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கேட்டலினா கடல் விமானம் ஒன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. அதன் விமானி கனடா நாட்டவரான லெனார்ட் பர்ச்சல். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. ஏப்ரல் 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

இந்தப் போரை இரண்டு படங்கள் தெற்கிலிருந்தே காட்டின. ஒன்று, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சார்பில் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘பர்மா ராணி’. 1945இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி வந்த போர்ப் பிரச்சாரப் படம் அது. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படையினரின் கதை. மற்றது, ராபர்ட் பாரிஷ் இயக்கத்தில் கிரிகரி பெக் நடித்து 1954இல் வந்த ‘தி பர்ப்பிள் பிளெயின்’. பர்மாப் போர்முனையில் மஸ்கிட்டோ விமானம் ஓட்டும் ஒருவனின் கதையான இந்தப் படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. கதைக்களம் பர்மா, படப்பிடிப்புக் களம் வேறு என்பது இரண்டுக்கும் பொது.

‘பர்மா ராணி’ போன்ற படத்தை ஆராய்பவர் முதலில் கையில் வைத்திருக்க வேண்டியது ஒரு பட்டியல்: இந்திய விமானப்படை பர்மாப் போரில் எவற்றை ஓட்டியது? 1932 அக்டோபர் 8இல் தோன்றிய அந்தப் படை, 1942 தொடக்கத்தில் கே. கே. மஜும்தார் தலைமையில் முதல் ஸ்குவாட்ரனின் லைசாண்டர் விமானங்களோடு பர்மாவுக்குப் போனது. பின்னர் ஹரிக்கேன், வெஞ்சன்ஸ், இறுதிக் கட்டத்தில் ஸ்பிட்ஃபயர் ஆகியவை வந்தன. இந்த நான்கில் எதுவுமில்லாமல் வேறொரு விமானம் திரையில் தெரிந்தால், அது வேறிடத்தில் எடுத்த படச்சுருளிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது கைவசம் இருந்த வேறு விமானத்தை வைத்துச் சமாளித்திருக்க வேண்டும். விமானத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் ஒரு சோதனை. ஹரிக்கேனிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஒருவர், லைசாண்டரிலும் வெஞ்சன்ஸிலும் இருவர். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாகக் காட்டினால், அந்த விமானம் இந்தப் பட்டியலைச் சேர்ந்ததல்ல.

‘பர்ப்பிள் பிளெயின்’ எடுக்கப்பட்டபோது நிலைமை வேறு. போர் முடிந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. மஸ்கிட்டோ அப்போதும் பிரிட்டிஷ் விமானப்படையின் பணியில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட அதன் கடைசி வேவுப் பயணம் 1955 டிசம்பரில்தான். அதனால் அந்தப் படத்தில் நிஜமான மஸ்கிட்டோக்களையே காண முடிகிறது. ஆனாலும் எந்த வகை மஸ்கிட்டோ என்ற கேள்வி எஞ்சுகிறது. மூக்கு மூடியதாக இருந்து துப்பாக்கிக் குழல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது தாக்குதல் வகை. கண்ணாடி மூக்கு இருந்தால் குண்டுவீச்சு அல்லது புகைப்பட வேவு வகை. பெயரைச் சொல்வதோடு நிற்காமல் வகையையும் சொல்லும்போதுதான் இனங்காணல் முழுமை பெறுகிறது.

உருவம்: இறக்கை, எஞ்சின், உடல், வால்

இரண்டாம் உலகப் போரில் வானத்தைக் காவல் காத்தவர்களுக்குக் கரிய நிழலுருவ அட்டைகளைக் கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். நிறமும் சின்னமும் ஏமாற்றலாம், வடிவம் ஏமாற்றுவது அரிது என்பதே அதன் பாடம். இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசையில் பார்ப்பது அன்று வகுத்த முறை. படங்களுக்கும் அதுவே ஏற்றது.

ஒற்றை எஞ்சின் சுழல்விசிறி விமானங்களில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்டமாக இருக்கும். சக்கரக் கால்கள் நெருங்கி நிற்கும். ஹரிக்கேனின் இறக்கை தடித்தது, முதுகு கூனலானது, கால்கள் அகன்று நிற்கும். லைசாண்டரின் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கும், அதைத் தாங்கும் சாய்கம்பிகள் இருபுறமும் தெரியும், உள்ளிழுக்க முடியாத சக்கரங்களுக்குப் பெரிய உறை உண்டு. வெஞ்சன்ஸின் இறக்கையை மேலிருந்து பார்த்தால் முன்விளிம்பு முதலில் பின்னோக்கிச் சாய்ந்து பிறகு நேராகும். கேட்டலினாவின் இறக்கை உடலுக்கு மேலே ஒரு தூணில் நிற்கும். உடலின் பின்பகுதியில் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் புடைத்திருக்கும். இரட்டை எஞ்சின் டக்கோட்டாவில் இறக்கையின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாயும், பின்விளிம்பு ஏறத்தாழ நேராக இருக்கும்.

ஜெட் விமானங்களில் முதலில் பார்க்க வேண்டியது காற்று நுழையும் வாய். அது மூக்கில் இருந்தால் சேபர், மிஸ்டேர், தூஃபானி, சுகோய்-7, மிக்-21 ஆகியவற்றில் ஒன்று. மூக்கு வாயின் நடுவே கூம்பு இருந்தால் சுகோய்-7 அல்லது மிக்-21. இவ்விரண்டில் இறக்கை முக்கோணமாக இருந்தால் மிக்-21, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையென்றால் சுகோய்-7. கூம்பு இல்லாதவற்றில், இறக்கை நுனியில் எரிபொருள் தொட்டி இருந்து இறக்கை அதிகம் சாயாமல் இருந்தால் தூஃபானி. நுழைவாய் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முக்கோணமாகத் திறந்திருந்து, விமானியறைக்குக் கீழே இரண்டு புடைப்புகளும் இருந்தால் ஹன்டர். உடலின் பக்கவாட்டில் நுழைவாய் இருந்து, இறக்கை தோளுயரத்தில் அமைந்து, பக்கத்தில் நிற்கும் ஆளோடு ஒப்பிட விமானமே சிறிதாகத் தெரிந்தால் நாட். அதன் இறக்கை அகலம் ஏழு மீட்டரைக்கூட எட்டாது. வால் இரண்டு தண்டுகளில் தாங்கப்பட்டிருந்தால் வேம்பயர்.

ஒரே பெயருக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. இந்திய விமானப்படையில் 1963இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26இல்தான் ஓய்வு பெற்றது. இந்த நெடுங்காலத்தில் அதன் உருவம் மாறிக்கொண்டே வந்தது. 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் பறந்த எஃப்.எல். வகையின் முதுகு மெலிந்தது. 1970களின் இரண்டாம் பாதியில் வந்த பிஸ் வகையின் முதுகு தடித்தது. 1971 கதையில் தடித்த முதுகோடு மிக்-21 பறந்தால், கதைக்குப் பிந்தைய விமானம் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

சின்னமும் எண்ணும்

உருவத்தால் குடும்பம் தெரியும். சின்னமும் எண்ணும் நாட்டையும் காலத்தையும், சில வேளைகளில் அந்த ஒற்றை விமானத்தின் வரலாற்றையும் சொல்லிவிடும். ஐரோப்பாவில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருந்தது. கிழக்கில் அதை ஜப்பானியரின் செஞ்சூரியன் என்று தவறாக எண்ணிவிடக் கூடாதென்று சிவப்பை நீக்கினார்கள். கருநீல வட்டத்துக்குள் இளநீலம் என்ற வடிவம் பர்மாப் போர்முனைக்கு உரியதாயிற்று. போரின் பிற்பகுதியில் ஒற்றை எஞ்சின் விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. பர்மாவில் 1944இல் நடப்பதாகச் சொல்லும் காட்சியில் சிவப்பு நடுவட்டத்தோடு பிரிட்டிஷ் விமானம் வந்தால், அந்தத் துண்டு ஐரோப்பாவில் எடுத்ததாக இருக்கலாம்.

விடுதலைக்குப் பிறகு சில காலம் இந்திய விமானங்கள் அசோகச் சக்கரத்தைத் தாங்கின. 1950க்குப் பின் மூவர்ண வட்டம் நிலைத்தது: வெளியே காவி, இடையே வெள்ளை, நடுவே பச்சை. பாகிஸ்தானின் வட்டத்தில் வெளியே பச்சை, நடுவே வெள்ளை. இந்திய விமானங்களின் தொடரெண்ணுக்கு முன் வரும் எழுத்துகளும் துணை செய்கின்றன. ஹன்டருக்குப் பி.ஏ., நாட்டுக்கு ஐ.இ., கான்பெராவுக்கு ஐ.எஃப்., மிஸ்டேருக்கு ஐ.ஏ. என்று தனித்தனி வரிசை இருந்தது. ஒரு காட்சியில் எண் முழுதாகத் தெரிந்துவிட்டால், விமானப்படை ஏடுகள், பழைய புகைப்படங்கள், அருங்காட்சியகப் பட்டியல்கள் வழியாக அந்த ஒற்றை விமானத்தின் வாழ்க்கையையே பின்தொடரலாம்.

ஆனால் வண்ணப்பூச்சு எளிதில் மாறுவது. எதிரி விமானமாக நடிக்க வேண்டியதற்கு எதிரியின் சின்னத்தைத் தீட்டிவிடுவது எல்லா நாட்டுப் படவுலகிலும் வழக்கம். அதனால் சின்னமும் உருவமும் முரண்பட்டால் உருவத்தையே நம்ப வேண்டும்.

டூப் விமானங்கள்

நடிகருக்குப் பதில் சண்டைக் காட்சியில் வேறொருவர் குதிப்பதுபோல, ஒரு விமானத்துக்குப் பதில் இன்னொன்று பறப்பதும் உண்டு. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு கை ஹாமில்டன் இயக்கி 1969இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’. 1940 வான்போரின் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109களாக அதில் பறப்பவை ஸ்பெயினில் கட்டப்பட்ட புச்சோன் விமானங்கள்; ஹெய்ங்கல் 111 குண்டுவீச்சு விமானங்களாக வருபவை ஸ்பெயினின் காசா 2.111கள். உடல் ஜெர்மன் வடிவமைப்பு, எஞ்சினோ பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்.

ஒரு நெருங்கிய காட்சியை நிறுத்திப் பார்த்தாலே இது புலப்படும். அசல் 109இல் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. ஆகவே புகைபோக்கிக் குழல்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருக்கும். புச்சோனில் மெர்லின் எஞ்சின் நிமிர்ந்து நிற்பதால் அந்தக் குழல்கள் மேலே, விமானியின் கண்ணுக்கு நேராக வரும். மூக்கின் அடியில் தாடை தொங்குவதுபோல ஆழமான புடைப்பும் உண்டு. அசலில் விசிறி அலகுகள் மூன்று, புச்சோனில் நான்கு. அதே படத்தில் பிரிட்டிஷ் தரப்பிலும் பிற்காலத்து ஸ்பிட்ஃபயர்கள் கலந்திருக்கின்றன. 1940இன் ஸ்பிட்ஃபயருக்கு வலது இறக்கையின் கீழ்ப் பெரிய குளிர்விப்பானும் இடதின் கீழ்ச் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பானுமாக இரண்டும் சமமில்லாமல் இருக்கும். பிற்கால வகைகளில் இருபக்கமும் ஒரே அளவு. விமானம் தலைக்கு மேலே கடக்கும் ஒரு நொடி போதும் இதைக் காண.

1970இன் ‘டோரா! டோரா! டோரா!’வில் ஜப்பானிய ஜீரோக்களாகப் பறந்தவை அமெரிக்க டெக்ஸன் பயிற்சி விமானங்கள். ஜப்பானிய ‘வால்’ குண்டுவீச்சு விமானத்துக்கு பி.டி.-13 பயிற்சி விமானத்தைத் திருத்தினார்கள். இரண்டுக்கும் சக்கரங்கள் உள்ளிழுக்க முடியாதவை என்பதால் பொருத்தம் கூடிவந்தது. டெக்ஸனின் இன்னொரு பெயர் ஹார்வர்ட். இந்திய விமானப்படையிலும் 1970களின் நடுப்பகுதிவரை அது பயிற்சி விமானமாக இருந்தது. 1977இன் ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ படத்தில் இந்த ஹார்வர்டுகளே பிரிட்டிஷ் டைஃபூன் போர் விமானங்களின் வேடம் போட்டன. எனவே எந்தப் போர்ப் படத்திலும் முதலில் ஐயுற வேண்டியது ஹார்வர்டைத்தான்: நீண்ட கண்ணாடிக் கூண்டு, சாய்ந்த முன்விளிம்பும் ஏறத்தாழ நேரான பின்விளிம்பும் கொண்ட இறக்கை, வட்ட எஞ்சின். 1986இன் ‘டாப் கன்’ படத்தில் ‘மிக்-28’ என்று சொல்லப்பட்டவை கறுப்புப் பூச்சு அணிந்த அமெரிக்க எஃப்-5கள். அப்படி ஒரு மிக் இருந்ததே இல்லை.

ஸ்டாக் ஷாட், மினியேச்சர், கிராஃபிக்ஸ்

நிஜ விமானமும் டூப்பும் கிடைக்காதபோது மூன்று வழிகள் இருந்தன. முதலாவது ஸ்டாக் ஷாட், அதாவது செய்திப்படத்திலிருந்தோ ராணுவப் படச்சுருளிலிருந்தோ எடுத்துச் செருகிய துண்டு. போர்க்காலத்தில் ‘இந்தியன் நியூஸ் பரேட்’ போன்ற செய்திப்படங்களும், 1948க்குப் பின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்புகளும் இங்கே நிறைய இருந்தன. செருகலைக் காட்டிக்கொடுப்பவை சில உண்டு: படத்தின் மணித்துகள் திடீரென்று பெரிதாவது, ஒளி மாறுவது, ஒரு விமானம் புறப்பட்டு வேறொரு வகை தரையிறங்குவது, வாலிலுள்ள எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிவது. கடைசியாகச் சொன்னது, பறக்கும் திசை ஒத்துவர வேண்டும் என்று சுருளைத் திருப்பிப் போட்டதன் விளைவு. இப்படிப்பட்ட படத்தில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக இனங்காண வேண்டும்.

இரண்டாவது மினியேச்சர். சின்ன உருவத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு எடுத்ததை உருவத்தால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். தீயும் நீரும் புகையும் காட்டிக்கொடுக்கும். தீச்சுடரையும் நீர்த்துளியையும் சிறிதாக்க முடியாது. மூன்றாவது, இக்காலத்துக் கிராஃபிக்ஸ். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளம் மீது இந்திய மிஸ்டேர்கள் நடத்திய தாக்குதலைக் காட்டிய ‘ஸ்கை ஃபோர்ஸ்’ 2025இல் வந்தது. 1973இலேயே பணியிலிருந்து நீங்கிய மிஸ்டேரைக் கணினியில்தான் பறக்கவிட முடியும். உருவம் சரியாக வந்தாலும் எடை, வளைவு, வேகம் ஆகியவை அசலோடு ஒத்திருக்கின்றனவா என்பது இங்கே புதிதாகச் சேரும் சோதனை.

இந்தியப் படங்களும் இடைவெளிக் கணக்கும்

போருக்கும் படத்துக்கும் இடையிலான ஆண்டுகளைக் கணக்கிட்டாலே எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்துவிடும். சேதன் ஆனந்த் 1971 வான்போரைப் பின்னணியாக்கி 1973இல் தந்த ‘ஹிந்துஸ்தான் கி கஸம்’ விமானப்படையின் ஒத்துழைப்போடு உருவானது. இடைவெளி இரண்டே ஆண்டு. போரில் பறந்த வகைகள் அப்போதும் பணியில் இருந்தன. கதை விமானமும் காட்சி விமானமும் ஒன்றுபட அதனால் வாய்ப்பு அமைந்தது. அதே காலத்தில், 1972இல், ராமானந்த் சாகர் எடுத்த ‘லல்கார்’ இரண்டாம் உலகப் போரை நோக்கிப் போனது. இடைவெளி கால் நூற்றாண்டுக்கு மேல். ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் அதற்குள் விமானப்படையை விட்டு நீங்கிவிட்டன. அத்தகைய படத்தை ஆராய்பவர் டூப், ஸ்டாக் ஷாட், மினியேச்சர் ஆகிய மூன்றையும் எதிர்பார்த்தே காட்சிகளை அணுக வேண்டும்.

ஜே. பி. தத்தாவின் ‘பார்டர்’ 1997இல் வந்தது. 1971 டிசம்பர் 5 காலை, ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹன்டர்கள் பாகிஸ்தான் டாங்கிகளைச் சிதறடித்ததே அதன் உச்சக்காட்சி. இருபத்தாறு ஆண்டு இடைவெளி இருந்தும் திரையில் நிஜ ஹன்டர்களே பறக்கின்றன. 2001 வரை ஹன்டர் துணைப் பணிகளில் நீடித்ததே காரணம். 1990இல் ஓய்வு பெற்ற எச்.எஃப்.-24 மாருத்தை அந்தப் படத்தில் பறக்கவிட முடிந்திருக்காது. 1962 சீனப் போரைப் பேசும் ‘ஹகீகத்’, தமிழில் ‘ரத்தத் திலகம்’ போன்ற படங்களுக்கு வேறொரு சோதனை உண்டு: அந்தப் போரில் இந்தியா தாக்குதல் விமானங்களைப் பயன்படுத்தவில்லை, போக்குவரத்து விமானங்களும் ஹெலிகாப்டர்களுமே பாரம் சுமந்தன. 1962 கதையில் போர் விமானம் குண்டு வீசினால், விமானத்தின் பெயரைத் தேடுவதற்கு முன்பே அது வரலாற்றுக்குப் புறம்பானது என்று குறித்துக்கொள்ளலாம்.

ஒப்பிடும் அசல்களும் முடிவை எழுதும் முறையும்

திரையில் கண்டதை அசலோடு ஒப்பிட வேண்டும். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் லைசாண்டர், ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட், லிபரேட்டர் தொடங்கி மிஸ்டேர், நாட், ஹன்டர்வரை நிற்கின்றன. பெங்களூரு எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அருங்காட்சியகத்தில் மாருத்தையும், கோவா கடற்படை அருங்காட்சியகத்தில் சீ ஹாக், அலிஸே விமானங்களையும், விசாகப்பட்டினம் கடற்கரையில் அரக்கோணத்திலிருந்து பறந்த டியூ-142ஐயும் சுற்றிவந்து பார்க்கலாம். போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் 40ஐ எச்.ஏ.எல். சீர்செய்தது, 1968 வரை இந்திய விமானப்படை அவற்றை ஓட்டியது. இன்று லண்டன், ஒட்டாவா, டூசான் அருங்காட்சியகங்களில் உள்ள லிபரேட்டர்கள் இந்தியாவிலிருந்து போனவை. 1970களின் பிற்பகுதியில் இங்கிருந்து ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் உடல்களும் பிரிட்டனுக்குச் சென்றன. ஆகவே வெளிநாட்டில் காணும் ஒரு விமானத்தின் எண்ணைத் தேடினால் அதன் முன்கதை இந்தியாவில் முடியக்கூடும்.

பின்னணியும் சான்றே. மலைத்தொடர், தென்னை, ஓடுதளத்தின் அமைப்பு, கொட்டகையின் கூரை, நிழல் விழும் திசை ஆகியவை படப்பிடிப்பு இடத்தைக் குறுக்கித் தருகின்றன. போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு ஆகிய இடங்களில் ஓடுதளங்கள் அமைந்தன. நாகர்கோவிலிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் கயத்தாறு வருகிறது. இவற்றின் நில அமைப்பை அறிந்தவர் பழைய செய்திப்படத் துண்டு ஒன்றைக் கண்டால், அது எங்கே எடுக்கப்பட்டதென்று ஊகிக்க வழி பிறக்கும்.

முடிவை எழுதும்போது மூன்று படிகளைப் பிரிப்பது நல்ல வழக்கம். எண்ணும் உருவமும் ஒருங்கே தெரிந்தால் உறுதி. உருவம் மட்டும் தெளிவாகத் தெரிந்தால் வகை உறுதி, தனி விமானம் தெரியாது. சின்னமோ பின்னணியோ மட்டும் தெரிந்தால் ஊகம். ஒவ்வொரு காட்சிக்கும் படத்தில் அது வரும் நிமிடம், கதை சொல்லும் விமானம், கண்ணால் கண்ட விமானம், அதற்கான அடையாளம் என நான்கு குறிப்புகள் போதும். பழைய தமிழ்ப் படங்களில் பலவற்றின் சுருள்கள் அழிந்துவிட்டன. எஞ்சியவையும் சிதைந்து வருகின்றன. இப்படிப்பட்ட குறிப்புகள் சேரச் சேர, கதைக்காக எடுத்த காட்சிகளிலிருந்தும் இந்திய விமானப் பறப்பின் உண்மையான வரலாற்றை மீட்டெடுக்க முடியும்.